நீலப் பெட்டி வந்தால் வைரஸா? சின்ன டெவலப்பரின் மென்பொருளை நிறுவும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் ஒரு சின்ன மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுக்கிறேன். கம்பெனி எதுவும் கிடையாது, ஆள் ஒருத்தன்தான். வரும் போன்களில் பாதி எழுத்து மாற்றத்தைப் பற்றி இருக்காது. சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் ஓர் அண்ணன் ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டு, "தம்பி, கல்யாணப் பத்திரிகை நாளைக்கு மெஷின்ல ஏறணும், உன் சாஃப்ட்வேர போட்டா கம்ப்யூட்டரு நீலக்கலர்ல ஏதோ சொல்லுது, வைரஸ் கிய்ரஸ் வச்சிருக்கியா?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவருக்குச் சொன்னதையும் அதற்கு முன்னும் பின்னும் பலருக்குச் சொன்னதையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். என் மென்பொருளுக்கு மட்டுமில்லை, தனி ஆளாக எழுதும் யாருடைய மென்பொருளைப் போடும்போதும் இதே கதைதான்.

நீல நிறத்தில் பெரிய பெட்டி வந்து 'விண்டோஸ் ப்ரொடெக்டெட் யுவர் பிசி' என்கிறது. அப்படியானால் வைரஸ் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. வைரஸ் இருக்கிறது என்றும் அது சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பெட்டியைக் காட்டுவது ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற விண்டோஸின் பாதுகாப்பு வசதி. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து இயங்குதளத்தோடு சேர்ந்தே இருக்கிறது. அதற்கு முன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குள் இருந்தது. நீங்கள் இறக்கிய கோப்பின் அடையாளத்தை மைக்ரோசாஃப்டிடம் அனுப்பி, "இதை முன்னாடி பார்த்திருக்கியா? நிறைய பேர் போட்டிருக்காங்களா? யார் கையெழுத்து போட்டிருக்கா?" என்று கேட்கிறது. பதில் தெரிந்தால் சத்தமில்லாமல் விட்டுவிடும். தெரியாவிட்டால் பெட்டி வரும்.

புது ஊரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறீர்கள், வீட்டுக்காரர் "யார் சொல்லி வந்தீங்க?" என்கிறார். அவருக்குத் தெரிந்த ஒருத்தர் பெயரைச் சொன்னால் கதவு திறக்கும், சொல்ல ஆளில்லையென்றால் வாசலிலேயே பேச்சு முடிந்துவிடும். உங்களைத் திருடன் என்று அவர் சொல்லவில்லை, தெரியாது என்கிறார், அவ்வளவுதான். ஆனால் திருடன் வந்தாலும் அவர் இதே கேள்வியைத்தான் கேட்பார் என்பதையும் மறக்கக் கூடாது.

சரி, அப்போது 'மோர் இன்ஃபோ'வைத் தட்டி 'ரன் எனிவே' கொடுத்துவிடலாமா?

நான் சொன்னேன் என்பதற்காகக் கொடுக்காதீர்கள். இதில் எனக்கே கூச்சம்தான். ஏனென்றால் வைரஸ் அனுப்புகிறவனும் தன் பக்கத்தில் இதையேதான் எழுதி வைத்திருக்கிறான்: "எச்சரிக்கை வந்தால் பயப்படாதீர்கள், மோர் இன்ஃபோ, ரன் எனிவே." அதற்குப் படம் போட்டு அம்புக்குறி வேறு. நானும் அவனும் ஒரே பட்டனைத்தான் காட்டுகிறோம், எங்கள் இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க அந்தப் பெட்டிக்கும் தெரியாது.

ஆகவே பட்டனை அழுத்தும் முன்னால் வேறு மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். கோப்பு எங்கிருந்து வந்தது, அந்த ஆள் எத்தனை நாளாக இதைச் செய்கிறான், உங்களுக்குத் தெரிந்த வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா. நீங்களே தேடிப்போய் எழுதியவனின் சொந்தப் பக்கத்திலிருந்து இறக்கியது ஒன்று. வாட்ஸ்அப்பில் யாரோ தள்ளிவிட்டது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பெட்டிதான் வரும், முடிவு ஒன்றாக இருக்கக் கூடாது.

'அன்நோன் பப்ளிஷர்' என்று போட்டிருக்கிறதே, உங்கள் பெயர்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, அது ஏன் விண்டோஸுக்குத் தெரியவில்லை?

பெயரைக் கோப்புக்குள் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், நான் மைக்ரோசாஃப்ட் என்றுகூட எழுதலாம். அதனால் விண்டோஸ் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. டிஜிட்டல் கையொப்பம் இருந்தால்தான் பெயரைக் காட்டும். அந்தக் கையொப்பம் போட, சான்றிதழ் வழங்கும் நிறுவனம் ஒன்று என் அடையாள ஆவணங்களைச் சரிபார்த்து ஒரு சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும்.

ஜிப் கோப்புகளைச் சுருக்கவும் பிரிக்கவும் உலகமே பயன்படுத்தும் 7-ஜிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஈகோர் பாவ்லோவ் என்ற ஒரே மனிதர் 1999-லிருந்து எழுதி வருகிறார். அதை நிறுவும்போது வரும் யேஸ்-நோ பெட்டியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், அங்கேயும் 'அன்நோன்' என்றுதான் இருக்கும். நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் என்ற இலவச எடிட்டருக்கு ஒரு நிறுவனம் இனாமாகக் கொடுத்திருந்த சான்றிதழ் 2019 தொடக்கத்தில் காலாவதியானது. இவ்வளவு பணம் கொடுத்துப் புதுப்பிக்கும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை என்று சொல்லி, அதை எழுதிய டான் ஹோ அடுத்த பதிப்பைக் கையொப்பம் இல்லாமலே வெளியிட்டார். அவர்களுக்கே அப்படி, நான் எந்த மூலை.

காசு கொடுத்து ஒரு சான்றிதழ் வாங்கிவிட வேண்டியதுதானே? இவ்வளவு விளக்கம் எதற்கு?

கணக்கைச் சொல்கிறேன். சாதாரணச் சான்றிதழுக்கே வருடத்துக்குச் சில நூறு டாலர் ஆகும். 2023 ஜூன் 1-லிருந்து இன்னொரு விதியும் வந்துவிட்டது, கையொப்பம் போடும் ரகசியச் சாவியைக் கணினியில் சாதாரணக் கோப்பாக வைக்கக் கூடாது, அதற்கென்று இருக்கும் யூஎஸ்பி டோக்கனிலோ அதுபோன்ற பாதுகாப்பான வன்பொருளிலோதான் இருக்க வேண்டும். நல்ல விதிதான், சாவி திருட்டைக் குறைக்கும். ஆனால் டோக்கன் செலவும் நம் தலையில்.

அவ்வளவும் செய்தால் பெட்டி போய்விடுமா என்றால், அதுவும் உடனே போகாது. முன்பெல்லாம் 'ஈவி' என்று கூடுதல் விலைக்கு விற்கும் சான்றிதழை வாங்கினால் ஸ்மார்ட்ஸ்கிரீன் முதல் நாளிலிருந்தே வாயை மூடிக்கொள்ளும். 2024-ல் மைக்ரோசாஃப்ட் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. இப்போது யார் வாங்கினாலும் நல்ல பெயர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேரும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாகக் கொடுத்தால் அவர்களே கையொப்பம் போட்டுக் கொடுக்கிறார்கள், தனிநபர் பதிவுக் கட்டணத்தையும் 2025-ல் நீக்கிவிட்டார்கள். அந்த வேலையை ஆரம்பித்திருக்கிறேன், முடியும்போது முடியும்.

போன பதிப்பைப் போடும்போது எதுவும் வரவில்லை. புதுப் பதிப்புக்கு மட்டும் ஏன் வருகிறது? உள்ளே எதையோ சேர்த்துவிட்டீர்களா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கொஞ்சம் வயிறு எரியும், ஆனாலும் நியாயமான கேள்வி. கையொப்பம் இல்லாத கோப்புக்கு நல்ல பெயர் அந்தக் கோப்போடு மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு எழுத்தை மாற்றித் திரும்பக் கட்டினாலும் கோப்பின் கைரேகை மாறிவிடும், விண்டோஸைப் பொறுத்தவரை அது இன்று பிறந்த குழந்தை.

போன தடவை நடந்தது இது. பாமினியில் 'கொ' அடிக்கும்போது கொம்பு முதலில், அப்புறம் க, அப்புறம் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகும். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பின்னால். அந்த இடமாற்றத்தில் ஒரு பிழை இருந்து, வரி முடியும் இடத்தில் 'கொ' வந்தால் கொம்பு தனியாகத் தொங்கியது. நான்கு வரியைத் திருத்தினேன். அந்த நான்கு வரிக்காக மாதக்கணக்கில் சேர்ந்த நல்ல பெயரெல்லாம் போய் எல்லோருக்கும் மறுபடியும் நீலப் பெட்டி. கையொப்பம் இருந்தால் பெயர் சான்றிதழோடும் சேரும், பதிப்பு மாறினாலும் கூடவே வரும். பெரிய கம்பெனிகளின் புதுப் பதிப்புக்கு எச்சரிக்கை வராததன் ரகசியம் இதுதான்.

பக்கத்துக் கடைக்காரர் பென்டிரைவில் கொடுத்ததைப் போட்டேன், எச்சரிக்கையே வரவில்லை. அவரிடம் இருப்பது சுத்தமான காப்பியா?

இதைத்தான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். எச்சரிக்கை வராததற்கு அந்தக் கோப்பு நல்லது என்பது காரணமில்லை, அது இணையத்திலிருந்து வந்தது என்ற அடையாளம் உதிர்ந்துபோனதுதான் காரணம்.

பிரவுசர் ஒரு கோப்பை இறக்கும்போது அதன் முதுகில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னச் சீட்டை ஒட்டிவிடும். அதில் 'சோன்ஐடி=3' என்று ஒரு வரி இருக்கும், 3 என்றால் இணையம். பெரும்பாலும் எந்த முகவரியிலிருந்து இறங்கியது என்பதும் கீழே இருக்கும். ஸ்மார்ட்ஸ்கிரீன் இந்தச் சீட்டைப் பார்த்துத்தான் விழித்துக்கொள்கிறது. சீட்டு ஒட்டுவதற்கு என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க் வேண்டும், நம்மூர் பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட். கோப்பு பென்டிரைவில் ஏறியவுடன் சீட்டு விழுந்துவிடும். விண்டோஸ் தன் சொந்த வசதியால் ஜிப்பைப் பிரித்தால் உள்ளே இருப்பவற்றுக்கும் சீட்டை ஒட்டும். 7-ஜிப் 2022-ல்தான் அந்த வசதியைச் சேர்த்தது, அதையும் நாமே அமைப்புகளில் போய் ஆன் செய்ய வேண்டும்.

கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் போனால் கீழே 'அன்பிளாக்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் டிக் போடுவது இந்தச் சீட்டைக் கிழிப்பதுதான். கோப்பு அதனால் நல்லதாகவும் ஆகாது, கெட்டதாகவும் ஆகாது. பக்கத்துக் கடைக்காரரின் கணினியில் ஏற்கனவே ஏதாவது புகுந்திருந்தால் அது அந்த எக்ஸியோடு (நிறுவ ஓட்டும் கோப்போடு) ஒட்டி வரவும் வாய்ப்புண்டு. தயவுசெய்து என் பக்கத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள், மொத்தமே 14 எம்பி.

நீலப் பெட்டிக்குப் பிறகு திரை மங்கி, மஞ்சள் பட்டையோடு யேஸ்-நோ கேட்கிறது. இது என்ன இன்னொன்று?

இது வேறு காவல்காரர். விஸ்டா காலத்திலிருந்து இருக்கிறார். கோப்பு நல்லதா கெட்டதா என்பதில் அவருக்கு அக்கறை இல்லை, "இது உன் கணினி முழுவதையும் மாற்றும் அதிகாரம் கேட்கிறது, கொடுக்கட்டுமா?" என்பதுதான் அவர் கேள்வி. கையொப்பம் இருந்தால் பட்டை நீலம், இல்லாவிட்டால் மஞ்சள்.

இங்கேதான் ஒரு நொடி யோசிக்க வேண்டும். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் எழுத அந்த அதிகாரம் தேவை, அதனால் என் இன்ஸ்டாலர் ஒரு தடவை கேட்கும். ஆனால் நிறுவி முடித்த பிறகு, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஓர் எழுத்து மாற்றி அட்மின் அதிகாரம் கேட்டால் அது எதற்கென்று சந்தேகப்படுங்கள். இன்ஸ்டாலரே வேண்டாம் என்பவர்களுக்கு ஜிப் வடிவமும் வைத்திருக்கிறேன், பிரித்துப் போட்டு ஓட்டலாம், மஞ்சள் பெட்டி வராது.

எனக்குப் பெட்டியெல்லாம் வரவில்லை. ஆன்டிவைரஸ் கேட்காமலே கோப்பை அழித்துவிட்டு 'ட்ரோஜன்' என்கிறது. இதற்கும் தெரியாத ஆள் கதைதானா?

இல்லை, இது கொஞ்சம் கனமான விஷயம். ஸ்மார்ட்ஸ்கிரீன் தெரியாது என்கிறது, ஆன்டிவைரஸ் தெரியும் என்கிறது, அல்லது தெரிந்த மாதிரி இருக்கிறது என்கிறது. அந்த 'மாதிரி'யில்தான் சின்ன டெவலப்பர்கள் மாட்டிக்கொள்கிறோம்.

என் மென்பொருள் பைத்தானில் எழுதியது. பைத்தான் இல்லாத கணினியிலும் ஓட வேண்டும் என்பதால் பைஇன்ஸ்டாலர் என்ற கருவியால் எல்லாவற்றையும் ஒரே எக்ஸியாகக் கட்டினேன். அப்படிக் கட்டிய எக்ஸி ஓடும்போது முதலில் தன்னைத் தானே டெம்ப் ஃபோல்டரில் பிரித்துக் கொட்டும், பிறகு அங்கிருந்து ஓடும். வைரஸ் எழுதும் பொடியன்களுக்கும் இதே கருவி ரொம்பப் பிடிக்கும், இலவசம், சுலபம். எல்லோருடைய எக்ஸியிலும் தொடக்கத் துண்டு ஒன்றேதான். ஒருத்தனைப் பிடிக்க வைத்த வலையில் அதே சட்டை போட்ட எல்லோரும் விழுகிறோம்.

அடுத்த பாவம், ஷார்ட்கட் கீ. வேர்டில் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து ஒரு கீயை அழுத்தினால் அங்கேயே யூனிகோடாக மாறும் வசதி வைத்திருக்கிறேன். அதற்கு விசைப்பலகையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அழகி, என்எச்எம் ரைட்டர் மாதிரி தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் எல்லாமே அடிப்படையில் செய்வது இதுதான்: நீங்கள் 'ammaa' என்பதற்கான விசைகளை அடிக்க, இடையில் மறித்து 'அம்மா' என்று மாற்றி உள்ளே அனுப்புகின்றன. பாஸ்வேர்டு திருடும் கீலாகரும் இதே வழியில்தான் விசைகளை மறிக்கிறது. எடுத்ததை என்ன செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். வெளியிலிருந்து பார்க்கும் ஆன்டிவைரஸுக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி தெரிந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வந்த பெயரைப் பாருங்கள். கடைசியில் '!எம்எல்' என்று முடிந்தால் அது இயந்திரக் கற்றலின் ஊகம், 'வாக்கடாக்... !எம்எல்' என்று விண்டோஸ் டிஃபெண்டர் காட்டுவது என்னைப் போன்றவர்களுக்கு ரொம்பப் பழகிய பெயர். 'ஜெனரிக்', 'ஹியூர்' என்று வந்தாலும் ஊகம்தான். ஊகம் என்பதால் பொய் என்று ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தப் பெயரை அப்படியே அனுப்புங்கள். நான் மைக்ரோசாஃப்டுக்குக் கோப்பை அனுப்பி மறுபரிசீலனை கேட்பேன், பெரும்பாலும் சில நாளில் சரிசெய்துவிடுகிறார்கள். ஒரே எக்ஸியாகக் கட்டாமல் ஃபோல்டராகக் கட்டிய பிறகு இந்தத் தொல்லை எனக்கு நன்றாகவே குறைந்தது.

அதுவரை ஆன்டிவைரஸை அஞ்சு நிமிஷம் ஆஃப் செய்துவிட்டுப் போட்டுக்கொள்ளவா?

வேண்டாம். ஆஃப் செய்யச் சொல்லும் எந்த டெவலப்பரையும் நம்பாதீர்கள், நானே சொன்னாலும். கிராக் போட்ட ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர் விற்கிறவர்கள் முதலில் சொல்லும் வாசகம் அதுதான்.

வைரஸ்டோட்டலில் போட்டுப் பார்த்தேன், 70 சொச்சத்தில் மூன்று சிவப்பு. இது நல்லதா கெட்டதா?

வைரஸ்டோட்டல் தெரியாதவர்களுக்கு: ஒரு கோப்பைக் கொடுத்தால் எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ்களிடம் ஒரே நேரத்தில் காட்டிக் கேட்டுச் சொல்லும் தளம். ஸ்பெயினில் 2004-ல் தொடங்கியது, 2012-ல் கூகுள் வாங்கிவிட்டது.

எத்தனை சிவப்பு என்று எண்ணுவதைவிட யார் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று படியுங்கள். நீங்கள் கேள்வியே படாத மூன்று நிறுவனங்கள், மூன்றும் ஆளுக்கொரு பெயர், எல்லாம் 'ஜெனரிக்', 'சஸ்பிஷியஸ்' ரகம் என்றால் பெரும்பாலும் தவறான சந்தேகம். கேஸ்பர்ஸ்கி, ஈசெட், பிட்டிஃபெண்டர், மைக்ரோசாஃப்ட் எல்லாம் சேர்ந்து 'லம்மா', 'ரெட்லைன்' என்று பெயர் சொல்லிக் காட்டினால் விவாதமே வேண்டாம், அழியுங்கள். அவை பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை வாரிக்கொண்டு போகும் வகை. மொத்தமும் பச்சை என்றாலும் நூறு சதவீதம் நிம்மதி கிடையாது, இன்று காலை எழுதிய வைரஸை யாரும் இன்னும் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் புத்தம்புதுக் கோப்பு என்றால் இரண்டு நாள் கழித்து மறுபடி போட்டுப் பார்ப்பது என் பழக்கம்.

இரண்டு குறிப்பு. அங்கே ஏற்றும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்கும் போகும், அதனால் வாடிக்கையாளரின் பத்திரம், பேங்க் ஸ்டேட்மென்ட் எதையும் அங்கே ஏற்றாதீர்கள். அப்புறம், அந்தத் தளம் 650 எம்பிக்கு மேல் வாங்காது என்பது திருடர்களுக்கும் தெரியும், ஒரு சின்ன வைரஸுக்குள் வெறும் பூஜ்யங்களை நிரப்பி 700 எம்பியாக ஊதி அனுப்புவார்கள். கால்குலேட்டர் ஒன்று 700 எம்பி இருந்தால் சிரித்துவிட்டு மூடிவிடுங்கள்.

நான் இறக்கியது உங்கள் கோப்புதான், நடுவில் யாரும் மாற்றவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் முகவரி. கூகுளில் மென்பொருள் பெயரைத் தேடினால் மேலே விளம்பரமாக வருவதைத் தொடாதீர்கள். விஎல்சி, ஓபிஎஸ், 7-ஜிப் போன்ற இலவச மென்பொருள்களின் பெயரில் போலித் தளம் கட்டி, காசு கொடுத்து விளம்பரம் போட்டு, வைரஸ் கலந்த இன்ஸ்டாலரைக் கொடுப்பது 2023 வாக்கில் பெரிய தொழிலாகவே நடந்தது. 7-ஜிப்பின் உண்மையான முகவரி டாட் ஓஆர்ஜியில் முடியும், டாட் காம் இல்லை. இத்தனை வருடமாகப் பயன்படுத்துகிறவர்களிடம் கேட்டால்கூடப் பாதிப் பேர் டாட் காம் என்பார்கள்.

அடுத்து கைரேகை. என் பக்கத்தில் இறக்கும் இணைப்புக்குக் கீழே 64 எழுத்து நீளத்துக்கு ஒரு வரி இருக்கும், எஸ்ஹெச்ஏ-256 என்று. 7-ஜிப் உங்களிடம் இருந்தால் கோப்பின் மேல் ரைட் கிளிக், 'சிஆர்சி எஸ்ஹெச்ஏ', அதில் எஸ்ஹெச்ஏ-256. வருவதையும் என் பக்கத்தில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 64 எழுத்தும் ஒன்றாக இருந்தால் நான் கட்டிய அதே கோப்பு. ஒன்று மாறினாலும் வேறு கோப்பு. ஆனால் என் தளத்துக்குள்ளேயே எவனாவது புகுந்துவிட்டால் கோப்போடு சேர்த்து அந்த வரியையும் மாற்றிவிடுவான், அதனால் மூலநிரல் வைத்திருக்கும் கிட்ஹப் பக்கத்திலும் அதே வரியைத் தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒப்பிடுகிறவர் இதுவரை ஒரே ஒருத்தர்தான், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

கையொப்பம் உள்ள மென்பொருள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், அப்படித்தானே?

கணினியில் சேரும் குப்பைக் கோப்புகளை நீக்கும் சிகிளீனர் மென்பொருளின் 2017 ஆகஸ்டில் வந்த 5.33 பதிப்பு, அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து, செல்லுபடியாகும் கையொப்பத்தோடு, உள்ளே பின்வாசல் நிரலையும் வைத்துக்கொண்டு இறங்கியது. மென்பொருளைக் கட்டும் இடத்திலேயே திருடர்கள் புகுந்திருந்தார்கள். சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் பேர் அதைப் போட்டார்கள், ஒருத்தருக்கும் நீலப் பெட்டி வரக் காரணமே இல்லை. அதற்கு முந்தைய வருடம், 2016 மார்ச்சில், மேக்கில் டொரண்ட் இறக்கும் டிரான்ஸ்மிஷன் மென்பொருளின் 2.90 பதிப்பில் கீரேஞ்சர் என்ற ரேன்சம்வேரை, அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸை, கலந்துவிட்டார்கள். அதில் இருந்ததும் ஆப்பிள் ஒருவருக்குக் கொடுத்த உண்மையான சான்றிதழ்தான்.

கையொப்பம் சொல்வது 'இன்னார் பெயரில் வந்தது, வழியில் மாறவில்லை' என்பதை மட்டும்தான்.

மேக்கில் என்ன செய்வது?

எனக்கு மேக் பதிப்பு கிடையாது, ஆனால் நண்பர்களுக்காக நிறைய தடவை செய்து கொடுத்திருக்கிறேன். ஆப்பிளில் டெவலப்பராகப் பதிய வருடத்துக்கு 99 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு பதிப்பையும் ஆப்பிளுக்கு அனுப்பிச் சோதித்து முத்திரை வாங்க வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் மேக்கின் காவல் வசதியான கேட்கீப்பர் மறிக்கும். முன்பு கண்ட்ரோல் கீயோடு கிளிக் செய்து 'ஓபன்' கொடுத்தால் தாண்டிவிடலாம், 2024-ல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயாவில் அந்தக் குறுக்குவழியை அடைத்துவிட்டார்கள். இப்போது பெட்டியில் 'மூவ் டு டிராஷ்' என்பதை அழுத்தாமல் 'டன்' கொடுங்கள், பிறகு சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி போய்க் கீழே இறங்கினால் 'ஓபன் எனிவே' இருக்கும். திறக்க முயன்று ஒரு மணி நேரம் வரைதான் அந்தப் பட்டன் அங்கே நிற்கும், காணோம் என்றால் மறுபடி திறக்க முயலுங்கள். 'டேமேஜ்டு' என்று சொன்னால் கோப்பு உடைந்திருக்க வேண்டும் என்றில்லை, கையொப்பம் இல்லாததையும் அப்படித்தான் சொல்லும்.

மொபைலுக்கு ஏபிகே கொடுப்பீர்களா?

ஏபிகே என்பது ப்ளே ஸ்டோர் வழியாக இல்லாமல் நேராக நிறுவும் ஆண்ட்ராய்டு ஆப் கோப்பு. மாட்டேன், யார் அனுப்பினாலும் வாங்காதீர்கள் என்றும் சொல்வேன். கணினியில் இவ்வளவு வக்காலத்து வாங்கிவிட்டு மொபைலில் மட்டும் ஏன் இப்படி என்றால், நம் நாட்டில் மொபைலில் நடக்கிற கூத்து வேறு. 'கல்யாணப் பத்திரிகை', 'டிராஃபிக் அபராதம்', 'பேங்க் கேஒய்சி' என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் ஏபிகே வரும், தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கனவே போய்விட்டது. நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்த நிமிடம் உங்கள் ஓடிபி எல்லாம் அங்கே போகும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும், அச்சகக்காரர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

கூகுளும் இதைப் பார்த்துவிட்டுத்தான் 2024 அக்டோபரில் இந்தியாவில் ஒரு முன்னோட்டத்தை அறிவித்தது. எஸ்எம்எஸ் பெறுதல், எஸ்எம்எஸ் படித்தல், நோட்டிஃபிகேஷன் படித்தல், அக்சஸிபிலிட்டி என்ற நான்கில் ஒன்றைக் கேட்கும் ஆப் பிரவுசர், வாட்ஸ்அப் வழியாக வந்தால் ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு வசதியான ப்ளே ப்ரொடெக்ட் தானே தடுத்துவிடும். 2025 ஆகஸ்டில் இன்னும் ஒரு படி போய், ப்ளே ஸ்டோருக்கு வெளியே கொடுக்கும் டெவலப்பர்களும் அடையாளத்தைப் பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள். தனியாகத் திறந்த மூல ஆப்கள் கொடுக்கும் எஃப்-டிராய்டு போன்றவர்கள் இதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். சின்ன டெவலப்பராக எனக்கு அவர்கள் பக்கம்தான் மனசு, எங்கள் அம்மா கையில் போன் இருப்பதை நினைத்தால் கூகுள் பக்கம்.

என் விண்டோஸ் 11-ல் 'ரன் எனிவே' பட்டனே இல்லை. என்ன செய்ய?

ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல் என்ற பாதுகாப்பு வசதி ஆனில் இருக்கும். 2022-க்குப் பிறகு புதிதாக விண்டோஸ் 11 போட்ட கணினிகளில் வருவது. தெரியாத, கையொப்பமில்லாத எதையும் விடாது, ஒரு மென்பொருளுக்கு மட்டும் விலக்கு கொடுக்கவும் அதில் வழியில்லை. என் ஒருத்தனுடைய மென்பொருளுக்காக அதை ஆஃப் செய்யாதீர்கள், திரும்ப ஆன் செய்வது பல கணினிகளில் லேசில் நடக்காது. கோப்பை எனக்கு அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன், இல்லாவிட்டால் வேறு கணினியில் போடுங்கள்.

ஆபீஸ் கணினி என்றால் இன்னும் சுருக்கம்: ஐடி ஆளிடம் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

எங்கிருந்தோ இறக்கிய ஒன்றுக்கு 'ரன் எனிவே' கொடுத்துவிட்டேன். ஒரு கறுப்பு ஜன்னல் மின்னி மறைந்தது, வேறெதுவும் திறக்கவில்லை. இப்போது பயமாக இருக்கிறது.

பயப்படுவது சரிதான். நிறுவியது திறக்கவே இல்லை என்பது நல்ல அறிகுறி இல்லை. முதலில் இணையத்தைத் துண்டியுங்கள், வைஃபையை அணைத்தாலும் சரி, வயரைப் பிடுங்கினாலும் சரி. பிறகு வேறு ஒரு கருவியிலிருந்து, அந்தக் கணினியிலிருந்து கூடாது, மெயில் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், அடுத்து பேங்க், அடுத்து மற்றவை. மாற்றினால் மட்டும் போதாது. 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் கொடுங்கள், ஏனென்றால் இந்த வகை வைரஸ்கள் பாஸ்வேர்டோடு சேர்த்து, ஏற்கனவே லாகின் ஆகியிருப்பதைத் தளத்துக்குச் சொல்லும் குக்கீ என்ற சின்னப் பதிவையும் எடுத்துப் போகின்றன. குக்கீ கையில் இருந்தால் ஓடிபியே தேவையில்லை.

கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள்; பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்த முடிவது அந்த முதல் சில மணி நேரங்களில்தான். கணினியைப் பொறுத்தவரை, முக்கியமான கோப்புகளை மட்டும் எடுத்துவிட்டு, எக்ஸி எதையும் எடுக்காமல், விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் என் வழக்கம். ஸ்கேன் செய்து சுத்தம் என்று வந்தாலும் அந்தக் கணினியில் பேங்க் பாஸ்வேர்டை நான் அடிக்க மாட்டேன்.

சிவகாசி அண்ணன் அன்றிரவு என்ன செய்தார் என்று கேட்பீர்கள். 64 எழுத்தையும் போனில் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி ஒப்பிட்டார், பத்து நிமிடம் ஆனது, நடுவில் ஒரு தடவை 'பி'யா 'டி'யா என்று சண்டை. பிறகுதான் 'ரன் எனிவே' கொடுத்தார்.